மீசை வைத்த எஞ்சினும் அத்தையின் கல்யாணப் படமும்

நான்கு மாதம் உழைத்து முடித்த மின்சார ரயில் எஞ்சினின் சிறு மாதிரியை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போனேன். பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து எடுத்து முன்னறை மேசைமேல் வைத்தேன். கரும்பச்சை உடல், முகப்பில் மீசைபோல மஞ்சள் கோடுகள், கீழே பாதையில் கிடப்பதைத் தள்ளிவிடும் சிவப்புத் தடுப்பான கௌகேட்சர். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு முழு நிமிடம் பேசவில்லை.

"பச்சை எஞ்சினை நான் கழுவியிருக்கிறேன் தம்பி. ஆனால் இந்த எஞ்சினைப் பச்சையில் கழுவியதில்லை" என்றார்.

அவர் 1958இல் ரயில்வேயில் சேர்ந்தவர். டர்பனின் ரயில்வே பேரக்ஸில் குடியிருந்து, இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குடியிருப்புப் பகுதிச் சட்டம் எங்கள் மக்களை இடம் பெயர்த்த காலத்தில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார். எஞ்சின் ஓட்டும் வேலை அன்று வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியப்பாவுக்குக் கிடைத்தது வாளியும் துணியும். முப்பது ஆண்டுகள் எஞ்சின்களைக் கழுவினார். ஓட்டியவர்கள் எஞ்சினை உள்ளிருந்து பார்த்தார்கள். படம் எடுத்தவர்கள் தொலைவிலிருந்து பார்த்தார்கள். பெரியப்பா ஒவ்வொரு தகட்டையும் கையால் தொட்டவர். அதனால் அவர் சொன்னதை நான் வெறும் நினைவுத் தடுமாற்றம் என்று ஒதுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். அவர் சொன்னதே சரி.

நான் செய்திருந்தது 6E1 வகை. சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகிக்கும் எஞ்சினின் அடிச்சட்டத்துக்கும் நடுவே சாய்வாகத் தெரியும் இழுவைத் தண்டுகளே அதன் அடையாளம். அவற்றைப் பித்தளைக் கம்பியில் ஒவ்வொன்றாகச் செய்து ஒட்டியிருந்தேன். அந்த வகை 1969இல்தான் வரத் தொடங்கியது. தென்னாப்பிரிக்க ரயில்வேயோ 1960 முதலே தன் மின்சார எஞ்சின்களைப் பச்சையிலிருந்து 'கல்ஃப் ரெட்' என்னும் மங்கிய சிவப்புக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டிருந்தது. 6E1 பிறந்ததே சிவப்பில். பச்சை, அதற்கு முந்தைய தலைமுறை எஞ்சின்களுக்கு உரியது. நான் பழைய படங்களில் பார்த்து ஆசைப்பட்ட நிறத்தை, அதைக் காணாத ஓர் எஞ்சினுக்குப் பூசியிருந்தேன்.

இன்னொரு தவறும் அதிலேயே இருந்தது. பக்கவாட்டில் E2150 என்று எண் போட்டிருந்தேன். என் மேசைமேல் இருப்பது 1974ஆம் ஆண்டின் நேட்டால், அதாவது டர்பன் இருக்கும் மாகாணம், என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 6E1 எஞ்சின்கள் மொத்தம் 960; எண்கள் E1226இல் தொடங்கி E2185இல் முடிகின்றன; கடைசி எஞ்சின் 1984இல் வந்தது. அப்படியென்றால் E2150 எண்பதுகளின் எஞ்சின். 1974இல் அது இரும்பாகக்கூட உருகியிருக்காது.

இந்த இரண்டு தவறுகளும் சேர்ந்துதான் எனக்கு வேலை செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தன. வண்ணத்தைத் தனியாக ஆராயக்கூடாது. எந்த வகை, எந்த எண், எந்த ஆண்டு என்ற மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட வேண்டும். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பெயின்ட் புட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். அதற்குக் கீழே ஒரே ஒரு புகைப்படம். பத்துப் படங்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் பத்து எஞ்சின்களின் கலவைதான் கிடைக்கும். ஒன்றின் கோடு, இன்னொன்றின் எண், மூன்றாவதன் அழுக்கு. ஒவ்வொரு துண்டும் உண்மையாக இருந்தும், அப்படி ஓர் எஞ்சின் எந்த நாளிலும் ஓடியிருக்காது.

முடிச்சு இறுகக் கட்டப்பட்ட எஞ்சின்களும் உண்டு. 1978 அக்டோபர் 31இல் E1525 என்ற 6E1, மாற்றியமைத்த போகிகளோடும் முகப்பில் காற்றைக் கிழிக்கும் கவசத்தோடும் 245 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1,067 மில்லிமீட்டர் அகலமே உள்ள நம் ஒடுங்கிய பாதையில்! அதைச் செய்ய விரும்புகிறவருக்கு வகை, எண், நாள் மூன்றும் கையில் தயாராக இருக்கின்றன. எனக்கு வேண்டியது அதுவல்ல. எங்கள் ஆட்கள் நின்ற பிளாட்ஃபாரத்தில் வந்து நின்ற சாதாரண எஞ்சின்.

அந்தப் படம் கிடைத்தது அத்தையின் அலமாரியில்.

ரயில் ஆர்வலர்கள் எடுத்த படங்கள் அழகானவை, ஆனால் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: வெயில் படும் பக்கம், முக்கால் கோணம், கழுவித் துடைத்த எஞ்சின். நம் குடும்பப் படங்களில் எஞ்சின் பின்னணி மட்டுமே. யாரும் அதற்காக நல்ல எஞ்சினைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனாலேயே அவை நம்பத்தக்க சாட்சிகள். அத்தைக்கு டர்பனில் கல்யாணம் முடிந்து, மாமாவின் ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ரயிலில் போய் இறங்கியபோது எடுத்த வண்ணப்படம் அது. பின்புறம் பென்சிலில் 'ஜூன் 1974'. மாலையும் கூறைப்புடவையுமாக அத்தை நிற்க, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு 6E1. முகப்பின் மஞ்சள் மீசை முழுதாகத் தெரிகிறது. பக்கவாட்டு எண் பலகையின் பாதியைப் புடவைத் தலைப்பு மறைக்கிறது. 'E12' வரை படிக்க முடிகிறது.

"அத்தை, இந்தப் படத்தின் நெகடிவ் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எதற்கப்பா அது? படந்தான் நன்றாக இருக்கிறதே" என்றார். ஆனாலும் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் நெகடிவ் சுருளோடு, பிரிண்ட் போடாமல் விட்ட இன்னொரு படமும் இருந்தது. அதில் அத்தை கண்ணை மூடியிருக்கிறார். அதனால் யாரும் அதைப் பிரதி எடுக்கவில்லை. ஆனால் அவர் ஓர் அடி நகர்ந்து நிற்கிறார். எண்ணின் நான்கு இலக்கங்களும் தெரிந்தன. பிரிண்ட் போடும்போது ஓரங்கள் வெட்டுப்படும்; நெகடிவில் அவை அப்படியே இருக்கும். உங்கள் வீட்டிலும் பழைய ரயில் நிலையப் படங்கள் இருந்தால் பிரிண்டோடு நின்றுவிடாதீர்கள், டின்னைத் தேடுங்கள்.

அடுத்தது நிறம். அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலச்சாயல் கொண்ட சாயம் முதலில் மங்கும். படம் முழுவதும் சிவப்புப் பக்கம் சாயும். சிவப்பு எஞ்சினின் நிறத்தைச் சிவந்துபோன படத்திலிருந்து எடுத்தால் கெட்டது குடி. நான் முதலில் அதைத்தான் செய்தேன். கிடைத்தது பீட்ரூட் நிறம். வெள்ளையோ சாம்பலோ என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் தேட வேண்டும். சிமென்ட் பிளாட்ஃபாரம், சட்டை, பாதைக் கற்கள் எல்லாம் உதவும். அவை எந்த நிறத்துக்குச் சாய்ந்திருக்கின்றனவோ, அந்தச் சாய்வை எஞ்சினிலிருந்தும் கழிக்க வேண்டும். எனக்கு அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருந்தது. அத்தையின் கூறைப்புடவை இன்னும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக வெளிச்சம் படாமல் மடித்து வைத்தது. உள்மடிப்பைப் பிரித்து, படத்தில் இருக்கும் புடவையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரக்கு நிறம் படத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்ணெதிரே தெரிந்தது. அதே விலகலை எஞ்சினின் சிவப்பிலிருந்து நீக்கி ஏழு துண்டு அட்டைகளில் கலந்து பூசி, காய்ந்த பிறகு பெரியப்பாவிடம் கொண்டுபோனேன்.

அவர் அட்டைகளை வாசலுக்கு எடுத்துப் போனார். வீட்டு விளக்கில் நிறம் பார்க்கக்கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்காவது அட்டையை எடுத்து, "இது. காய்ந்த மிளகாய் நிறம். மழையில் நனைந்தால்தான் மற்ற அட்டைகள் போல இருக்கும்" என்றார். பிறகு, "கௌகேட்சர் இந்தச் சிவப்பு இல்லை. அது குங்குமச் சிவப்பு" என்று சேர்த்தார். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடல் கல்ஃப் ரெட், கௌகேட்சர் பளிச்சென்ற சிக்னல் சிவப்பு. இரண்டுக்கும் ஒரே புட்டியைப் பயன்படுத்திய மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மங்கிய சிவப்புக்குக் கீழே கூரான சிவப்பு இருக்கும்போதுதான் அந்த எஞ்சினுக்கு முகம் வருகிறது.

கலவை கிடைத்த பிறகும் அதை அப்படியே பூசவில்லை. சிறிய பரப்பில் எந்த நிறமும் அழுத்தமாகத் தெரியும். இருபது துளிக்கு ஒரு துளி என்ற கணக்கில் வெளிர்சாம்பலைச் சேர்த்தேன். வெள்ளையைச் சேர்க்காதீர்கள், சிவப்பு ரோஜாநிறமாகிவிடும்.

இனி மீசை. முகப்பைச் சுற்றி ஓடும் மஞ்சள் கோடுகளையும், பக்கவாட்டில் எண் பலகையைத் தாங்கும் மூன்று கோட்டுச் சிறகையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்து எஞ்சினின் அடையாளமே. இங்கே நான் ஒரு முழு உடலை வீணாக்கினேன். சிவப்பைப் பூசிவிட்டு மேலே மஞ்சளைப் பூசினேன். மஞ்சளுக்கு மூடும் வலிமை குறைவு. அடியிலிருக்கும் சிவப்பு எழும்பி வந்து ஆரஞ்சாகிவிடும். இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று போகப் போக விளிம்பில் மேடு கட்டுகிறது. வரிசையை மாற்ற வேண்டும். முதலில் வெள்ளை ப்ரைமர், அதன்மேல் மஞ்சள், இரண்டு நாள் காயவிட்டு, மீசையும் சிறகும் வரும் இடங்களை மெல்லிய மாஸ்கிங் டேப்பால் மூடி, கடைசியில் சிவப்பு. டேப்பைக் கண்ணாடித் தட்டின்மேல் ஒட்டி, புதிய பிளேடால் வெட்டுங்கள். டேப்பின் ஆலை விளிம்பை நம்ப வேண்டாம்; அதில் தூசி ஒட்டியிருக்கும். சிவப்பு அடிப்பதற்கு முன் டேப் விளிம்பில் மறுபடி ஒரு மெல்லிய மஞ்சள் அடித்துவிட்டால், கசிவது மஞ்சளாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன்மேல் சிவப்பு கத்திபோல நிற்கும்.

கோட்டின் அகலத்தை எப்படி அறிவது? எஞ்சினுக்கு மிக நேராக எடுத்த பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். 6E1இன் சக்கர விட்டம் 1,220 மில்லிமீட்டர். இணைப்புகள் உட்பட மொத்த நீளம் 15,494 மில்லிமீட்டர். படத்தில் சக்கரம் 38 மில்லிமீட்டர் வந்து, கோடு 3 மில்லிமீட்டர் வந்தால், உண்மையில் கோடு ஏறக்குறைய 96 மில்லிமீட்டர். என் மாதிரி 1:64 அளவில் இருப்பதால் ஒன்றரை மில்லிமீட்டர். சக்கரம் தேய்ந்து சிறுத்திருக்கலாம் என்பதால் மொத்த நீளத்தை வைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள்.

1:64 ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதையை 64ஆல் பெருக்கினால் 1,056 மில்லிமீட்டர். நம் நாட்டுப் பாதையின் 1,067க்கு அது ஏறக்குறைய சரி. 1:87 அளவில் அதே பாதையைப் பயன்படுத்தினால் எஞ்சின் நம்முடையதைவிட அகலமான ஐரோப்பியப் பாதையில் நிற்பதுபோல் கால் விரித்து நிற்கும். 12 மில்லிமீட்டர் பாதை தேவைப்படும். வண்ணத்தில் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு நிற்கும் நிலையைக் கோட்டை விட எனக்கு மனம் வரவில்லை. 242 மில்லிமீட்டர் நீள உடலில் எழுத்துகளைப் படிக்கவும் முடிகிறது.

எண் பலகை தட்டையான எழுத்தல்ல. உலோகத் தகட்டில் புடைத்து நிற்கும் எழுத்து; ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் இரண்டு மொழிப் பெயர்ச்சுருக்கமும் சேர்ந்து எஸ்ஏஆர்–எஸ்ஏஎஸ் என்று இருக்கும். அரித்து எடுத்த பித்தளைத் தகடு செய்யக் கொடுத்தேன். கறுப்புப் பூசி, காய்ந்ததும் மிக நுண்ணிய உப்புத்தாளால் மேலே மட்டும் ஒருமுறை இழுத்தால் எழுத்து மின்னும். மற்ற சிறிய எழுத்துகளுக்கு, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படலம். அதை மினுமினுப்பான வார்னிஷ்மேல்தான் ஒட்ட வேண்டும். மங்கிய பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் பளபளக்கும்.

டர்பன்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஜனவரியில் வார்னிஷ் அடிக்காதீர்கள். கடற்கரை ஈரக்காற்றில் வேகமாக ஆவியாகும் வார்னிஷ் தன் பரப்பைக் குளிர்வித்து, ஈரத்தை இழுத்து, பால்போல் வெளுத்துவிடும். என் இரண்டாவது உடல் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் அப்படித்தான் போனது. இப்போது உடல் வேலை எல்லாம் கோடையில். வார்னிஷ் எங்கள் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில், நண்பகலுக்குப் பிறகு.

ஏணி பற்றியும் சொல்ல வேண்டும். 6E1இன் இரு முனைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கூரைக்கு ஏறும் ஏணி ஒரு பக்கத்தில் மட்டுமே, ஓட்டுநர் அறைக் கதவின் வலப்புறம் இருக்கிறது. அந்த முனைதான் இரண்டாம் முனை. நான் அதை மாற்றி ஒட்டியிருந்தேன். வண்ணம் பூசிய பிறகு அதைப் பெயர்த்தபோது சிறகின் ஒரு கோடும் கூடவே வந்துவிட்டது. எந்த முனை முன்னால் நின்றது என்பதைப் படத்தில் முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

அழுக்கு பெரியப்பாவின் ராஜ்யம். நான் வழக்கம்போல் உடல் முழுவதும் பழுப்புக் கழுவல் போட்டு எடுத்துப் போனேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நாங்கள் கழுவவே இல்லை என்றா சொல்கிறாய்?" என்றார். நீண்ட தடியில் கட்டிய துடைப்பம் எட்டும் இடம்வரை சுத்தம். அதற்குமேல் கூரை விளிம்பையொட்டி ஒரு கறுப்புப் பட்டை. கூரையை அவர்கள் தொடுவதில்லை. மேலே கம்பியில் 3,000 வோல்ட். கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபின் கரித்துண்டும் செம்புக் கம்பியும் உரசி உதிர்ந்த தூள் அங்கே படிந்துகொண்டே இருக்கும். கீழே பிரேக் கட்டைகளின் இரும்புத் தூள் துருவாகிப் போகிகளில் செம்பழுப்பாகப் படியும். ஜன்னல்களுக்கு அடியில் துடைப்பம் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் போகும்; அதனால் கோடுகள் செங்குத்தாக இருக்கும், குறுக்காக அல்ல. கதவுப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பிகளில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரியும். இவற்றில் எதையும் நான் எந்தப் படத்திலிருந்தும் படித்திருக்க முடியாது. உங்கள் ஊரில் அந்த வேலை பார்த்த ஒருவர் உயிரோடு இருந்தால், அவரிடம் நிறத்தைக் கேட்பதைவிட வேலையைக் கேளுங்கள். எதைத் துடைத்தீர்கள், எது எட்டவில்லை, எங்கே கையைச் சுட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டால் வண்ணம் தானாக வெளியே வரும்.

பிந்தைய காலத்தைச் செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: 1981இல் ரயில்வேயின் பெயர் போக்குவரத்துச் சேவைகள் என்று மாறியது, சிவப்பும் மீசையும் தொடர்ந்தன. 1990இல் பெயர் ஸ்பூர்நெட் ஆனது. அந்தப் பத்தாண்டில் ஆரஞ்சு உடலும், கௌகேட்சரில் நீலமும் மஞ்சளுமான கூர்ப்பட்டைகளும், பத்தாண்டின் இறுதியில் நீல உடலும் வந்தன. பிறகு ட்ரான்ஸ்நெட் ஃப்ரெய்ட் ரயில் என்று பெயர் மாறிய காலத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் சேர்ந்தன. எல்லாம் படிப்படியாக நடந்த மாற்றங்கள். பழையதும் புதியதும் ஒரே ரயிலில் கோத்து ஓடிய ஆண்டுகள் உண்டு. அப்படி இரண்டைச் சேர்த்துச் செய்தால் அந்த ஆண்டே கண்முன் நிற்கும். சொகுசு ரயிலான புளூ ட்ரெயினுக்கென்று நீலம் பூசிய எஞ்சின்கள் தனி. உடல் நீலமானாலும் மீசை அதே இடத்தில் மஞ்சளாகவே இருந்தது. பெட்டிகளையும் மறக்க வேண்டாம். 1960க்குப் பின் அவை சிவப்பும் சாம்பலும். சிவப்பு எஞ்சினுக்குப் பின்னால் முழுப் பழுப்புப் பெட்டிகளை மட்டும் கோத்தால் எஞ்சினின் உழைப்பு வீணாகும்.

மூன்றாவது உடல்தான் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. போன மாதம் அத்தையும் பெரியப்பாவும் சேர்ந்து வந்து பார்த்தார்கள். அத்தை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் நின்ற இடத்தை விரலால் காட்டினார். பெரியப்பா மறுபக்கம் சுற்றிப் போனார்.

"இந்தப் பக்கத்தை எதைப் பார்த்துச் செய்தாய்?"

"இன்னும் படம் கிடைக்கவில்லை பெரியப்பா. அதனால் எண்ணும் சிறகும் மட்டும் போட்டிருக்கிறேன். அழுக்கு போடவில்லை."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விளக்கைக் கிட்டே கொண்டுவா" என்றார்.